இரக்கத்துக்குக் கல்வி தந்த நைற்றிங்கேல் அம்மையார்

ஆண்டுதோறும் மே மாதம் 12ஆம் திகதி அனைத்துலகத் தாதியர் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. அது புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் பிறந்த நாள். அவருடைய பெயரைக் கேள்விப்படாத பாடசாலைப் பிள்ளை நம்மிடையே இருக்க முடியாது. இரவு வேளையில் கையில் விளக்கேந்திக் காயப்பட்ட போர்வீரரின் படுக்கைகளைச் சுற்றி வந்த பெண்மணி என்றே அவரை நாம் அறிந்திருக்கின்றோம். அந்த விளக்கு அவருடைய கையில் இருந்தது ஏறக்குறைய இருபது மாதங்கள் மட்டுமே. அதன் பின்னர் அவர் ஐம்பத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். உலகம் அவருக்குப் பட்டிருக்கும் பெருங்கடனில் பெரும்பகுதி அந்த ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்கே உரியது.

அம்மையார் கத்தோலிக்கர் அல்லர். அங்கிலிக்கன் சபையில் வாழ்ந்து அச்சபையிலேயே மரித்தவர். ஆயினும் அவருடைய வாழ்க்கையின் முக்கியமான திருப்பங்கள் பலவற்றில் கத்தோலிக்கக் கன்னியர் அவருக்குத் துணையாக நின்றிருக்கின்றனர். இந்தக் காரணத்தை முன்னிட்டும், நம் குடும்பங்களில் இருந்து இன்று பல பிள்ளைகள் தாதியர் சேவைக்குச் செல்வதை முன்னிட்டும், அவருடைய வாழ்க்கையை நம் வாசகர்கள் சற்று விரிவாக அறிந்திருப்பது நல்லது.

மறுக்கப்பட்ட அழைத்தல்

1820ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி இத்தாலி நாட்டின் புளோரன்ஸ் நகரிலே, அங்கு தங்கியிருந்த செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே பெற்றோர் பிள்ளைக்கு இட்டனர். தந்தை வில்லியம் நைற்றிங்கேல் கல்விமான். தம் இரு பெண்பிள்ளைகளுக்கும் கிரேக்கம், இலத்தீன், வரலாறு, மெய்யியல் ஆகியவற்றைத் தாமே கற்பித்தார். இளையவளான புளோரன்சுக்குக் கணிதத்தில் தனி விருப்பம். எண்களை ஒழுங்குபடுத்தி உண்மையைக் கண்டுபிடிக்கும் இந்தப் பழக்கம் பிற்காலத்தில் பல்லாயிரம் உயிர்களைக் காக்கப் போகின்றது என்பதை அன்று எவரும் அறியார்.

1837ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் திகதி, பதினாறு வயதில், இறைவன் தம்மைத் தம் பணிக்கு அழைப்பதாக அவர் உணர்ந்தார். அந்த நாளை அவர் இறுதிவரை மறக்கவில்லை. எந்தப் பணிக்கு என்பது மட்டும் அப்போது தெளிவாகவில்லை. அயலில் இருந்த ஏழைக் குடிசைகளில் நோயுற்றோரைப் பார்க்கச் சென்று வந்தபோது அது மெல்ல மெல்லப் புலனாயிற்று. 1845ஆம் ஆண்டில், சோல்ஸ்பரி நகர வைத்தியசாலையில் சில மாதங்கள் தங்கித் தாதித் தொழிலைக் கற்க அனுமதி கேட்டார். தாயாரும் தமக்கையும் அழுது ஆர்ப்பரித்தனர். வீடே கலங்கியது.

அந்தத் தாயை நாம் அவசரப்பட்டுக் குறை சொல்லலாகாது. அக்கால இங்கிலாந்தின் வைத்தியசாலைகளில் நோயாளரைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் வேறு வேலை கிடைக்காத ஏழைப் பெண்கள். பயிற்சி கிடையாது, கூலி சொற்பம், மதுப் பழக்கம் சாதாரணம். சார்ள்ஸ் டிக்கன்ஸ் தம் நாவல் ஒன்றில் குடிகாரத் தாதி ஒருத்தியைப் படைத்து நாட்டையே சிரிக்க வைத்தார் என்றால், வாசித்தவர்கள் அத்தகையோரை நேரில் கண்டிருந்தனர் என்பதே அதன் பொருள். எட்டாம் ஹென்றி அரசன் பதினாறாம் நூற்றாண்டில் துறவற மடங்களை மூடியபோது, அவற்றோடு சேர்ந்திருந்த நோயாளர் பராமரிப்பும் இங்கிலாந்தில் அறுந்துபோயிற்று. பிரான்சு நாட்டிலோ 1633ஆம் ஆண்டில் புனித வின்சென்ட் டி போலும் புனித லூயிஸ் டி மரிலாக்கும் தொடங்கிய பிறரன்பின் புதல்வியர் சபை ஏழை நோயாளருக்குப் பணிபுரிவதை ஒரு தூய கடமையாக்கி வைத்திருந்தது. நோயாளர் பணியைக் கௌரவமாகச் செய்ய விரும்பும் ஒரு பெண்ணுக்குப் பிரான்சில் வாசல் திறந்திருந்தது. இங்கிலாந்தில் அத்தகைய வாசலே இருக்கவில்லை.

உரோமையிலும் ஜெர்மனியிலும்

1847ஆம் ஆண்டின் இறுதியில் குடும்ப நண்பர்களோடு அவர் உரோமைக்குச் சென்றார். அங்கே இரண்டு சந்திப்புக்கள் நிகழ்ந்தன. ஒன்று, பின்னாளில் அமைச்சராகிய சிட்னி ஹேர்பேட் என்பவரைச் சந்தித்தது. மற்றது, திரினித்தா தெய் மொந்தி மடத்தில் இருந்த திருஇருதயக் கன்னியரோடு ஏற்பட்ட பழக்கம். அந்த மடத்தில் பத்து நாள் தியானம் ஒன்றில் பங்குபற்றிய புளோரன்சை, சாந்தா கொலொம்பா என்ற கன்னியர் ஆன்மிக வழியில் நடத்தினார். தன் சித்தத்தைக் கையளித்து இறைவன் சித்தத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்ற பாடத்தை அங்கே கற்றதாக அம்மையார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

காத்திருப்பு நீண்டது. தம்மைப் பல ஆண்டுகளாக விரும்பிய நல்ல மனிதர் ஒருவரை மணம் முடிக்க 1849இல் மறுத்தார். 1850இல் ஜெர்மனியில் கைசர்ஸ்வேர்த் என்னும் ஊருக்குச் சென்றார். அங்கே போதகர் தியோடர் பிளீட்னர் 1836ஆம் ஆண்டில் வைத்தியசாலை ஒன்றையும் புரட்டஸ்தாந்து பணிப்பெண்களுக்கான பயிற்சி நிலையம் ஒன்றையும் நிறுவியிருந்தார். 1851இல் மீண்டும் சென்று மூன்று மாதங்கள் தங்கிப் பயின்றார். 1852இல், கத்தோலிக்கராக மாறியிருந்த குருவானவர் ஹென்றி மானிங்குடன் கடிதத் தொடர்பு கொண்டு, திருச்சபையில் சேர்வதைப் பற்றியும் ஆழ்ந்து சிந்தித்தார். கோட்பாடுகள் பலவற்றில் அவருடைய மனம் இணங்கவில்லை, எனவே சேரவில்லை. ஆயினும் பிற்காலத்தில் கர்தினாலாகிய மானிங், அவருக்குப் பாரிஸ் நகரில் கன்னியர் நடத்திய வைத்தியசாலைகளின் கதவைத் திறந்து வைக்க உதவினார்.

1853இல் இலண்டனில், நோயுற்ற வசதி குறைந்த பெண்மணிகளுக்கான சிறிய வைத்தியசாலை ஒன்றின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அங்கிலிக்கன் சபையினரை மட்டுமே சேர்க்க வேண்டும் என்று நிர்வாகக் குழு விரும்பியது. கத்தோலிக்கரும் யூதரும் எவரும் சேர்க்கப்பட வேண்டும், அவரவர் மதகுரு வந்து பார்க்கவும் இடம் கொடுக்க வேண்டும், இல்லையேல் பொறுப்பை ஏற்கமாட்டேன் என்று அவர் உறுதியாக நின்றார். குழு பணிந்தது.

ஸ்கூற்றாரியில்

1854ஆம் ஆண்டு பிரித்தானியாவும் பிரான்சும் துருக்கியும் இரஷ்யாவுக்கு எதிராகக் கிறிமியாவில் போர் தொடுத்தன. காயப்பட்ட பிரித்தானிய வீரர்கள் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கு எதிரே உள்ள ஸ்கூற்றாரிக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டு, கட்டுத்துணி கூட இல்லாமல் கிடந்தனர். பிரெஞ்சு வீரரைப் பராமரிக்கப் பிறரன்பின் கன்னியர் இருக்கின்றனர், நம் வீரருக்கு யார் இருக்கின்றனர் என்ற கேள்வியை இலண்டன் ரைம்ஸ் பத்திரிகை எழுப்பியது. யுத்த அமைச்சராக இருந்த சிட்னி ஹேர்பேட், தம் பழைய நண்பரின் உதவியை நாடினார்.

ஒக்டோபர் 21ஆம் திகதி அம்மையார் 38 பெண்களோடு புறப்பட்டார். அவர்களுள் பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியர். அவர்களில் ஐவர் இலண்டன் பெர்மண்ட்சி மடத்தைச் சேர்ந்த இரக்கத்தின் சகோதரிகள். அவர்களுடைய தலைவி அன்னை கிளேர் மூர். டப்ளின் நகரில் பிறந்த அன்னை கிளேர், 1832ஆம் ஆண்டு அந்நகரில் கொள்ளைநோய் பரவியபோதே வாந்திபேதி நோயாளரைப் பராமரித்த அனுபவம் உள்ளவர். சதர்க் ஆயர் தோமஸ் கிரான்ற் அவர்களின் வேண்டுகோள் கிடைத்தவுடனேயே அவர் புறப்படத் தயாரானார்.

நவம்பர் 4ஆம் திகதி ஸ்கூற்றாரியை அடைந்தபோது வைத்தியர்கள் அவர்களை விரும்பி வரவேற்கவில்லை. அம்மையார் சண்டை பிடிக்கவில்லை. வைத்தியர் கேட்கும் வரை எந்தத் தாதியும் நோயாளரைத் தொடலாகாது என்று கட்டளையிட்டுக் காத்திருந்தார். அடுத்த நாளே இங்கர்மன் போர் நடந்தது. காயப்பட்டோர் வந்து குவிந்தபோது வைத்தியர்களே உதவி கேட்டனர். அதன்பின் அவர் துணி துவைக்கும் இடம் அமைத்தார், சமையலறை அமைத்தார், தரை துடைக்கத் தூரிகை வாங்கினார், இறக்கும் வீரரின் குடும்பங்களுக்குக் கடிதம் எழுதினார். இரவில் விளக்கோடு சுற்றி வந்தார்.

சமய வேற்றுமைகளால் துன்பமும் வந்தது. இங்கிலாந்தில் சிலர் அவர் பாப்பரசருக்குச் சார்பானவர் என்று குற்றம் சாட்டினர். டிசெம்பரில், கேட்காமலே அனுப்பப்பட்ட இரண்டாவது குழுவில் அயர்லாந்திலிருந்து 15 இரக்கத்தின் சகோதரிகள் வந்தனர். அவர்களுடைய தலைவி அன்னை பிரான்சிஸ் பிரிட்ஜ்மன் அம்மையாரின் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட மறுத்தார். இருவருமே உறுதியான மனம் படைத்தவர்கள். இருவரிடமும் நியாயம் இருந்தது. இருவரிடமும் பிடிவாதமும் இருந்தது. அந்த அயர்லாந்துக் கன்னியர் வேறு வைத்தியசாலைகளில் அரும்பணி புரிந்தனர். அவர்களுள் இருவர் கொள்ளைநோய்களுக்குப் பலியாகிக் கிறிமிய மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டனர். மாறாக அன்னை கிளேர் மூர் அம்மையாருக்கு வலக்கரமாக விளங்கினார். சுகவீனமுற்று 1856இல் அவர் நாடு திரும்பியபோது, அந்தப் பொறுப்புக்குத் தம்மைவிட அன்னை கிளேரே தகுதியானவர் என்று அம்மையார் மனம் திறந்து எழுதினார். 1874இல் அன்னை கிளேர் மரிக்கும் வரை அந்த நட்பு நீடித்தது. புனித அவிலா தெரேசம்மாளினதும் புனித சிலுவை அருளப்பரினதும் நூல்களை அம்மையாருக்கு அனுப்பி வைத்தவரும் அவரே.

எண்கள் சொன்ன உண்மை

வாசகர்கள் இனி வரும் பகுதியைக் கவனித்து வாசிக்க வேண்டும். இத்தனை அன்பும் உழைப்பும் இருந்தும், அந்த முதற் குளிர்காலத்தில் ஸ்கூற்றாரியில் மரணம் குறையவில்லை, கூடியது. 1855 பெப்ரவரியில் அங்கே பராமரிக்கப்பட்ட ஒவ்வொரு நூறு நோயாளரிலும் 42 பேர் இறந்தனர். மார்ச் மாதத்தில் அரசாங்கம் அனுப்பிய சுகாதாரக் குழு வந்து கட்டடத்தைப் பரிசோதித்தது. அந்தப் பெரிய கட்டடம் அடைபட்ட கழிவு வாய்க்கால்களின் மேல் நின்றது. வாய்க்கால்கள் கழுவப்பட்டன, செத்த மிருகங்கள் அகற்றப்பட்டன, நீர் வரும் வழி சுத்தம் செய்யப்பட்டது, காற்றோட்டத்துக்கு வழி செய்யப்பட்டது. ஜூன் மாதத்தில் மரணம் நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது.

போர் முடிந்து 1856 ஓகஸ்ட் மாதம் நாடு திரும்பிய அம்மையார், மக்கள் ஏற்பாடு செய்த வரவேற்புக்களைத் தவிர்த்து அமைதியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பின்னர் புள்ளிவிபர அறிஞர் வில்லியம் பார் என்பவரோடு அமர்ந்து மரணக் கணக்குகளை ஆராய்ந்தார். அந்தப் போரில் சண்டையிலும் காயத்தாலும் மாண்ட பிரித்தானிய வீரர்கள் 5,000க்கும் குறைவு. நோயால் மாண்டவர்கள் சுமார் 16,000. தாம் அன்போடு பராமரித்த வைத்தியசாலையே வீரர்களைக் கொன்ற இடங்களில் ஒன்று என்ற உண்மையைத் தம் கையால் எழுதிய எண்களில் அவர் கண்டார். அதை மறைப்பது எளிது. நாடே அவரைச் சம்மனசு என்று போற்றிக் கொண்டிருந்தது. அவரோ அந்தக் கணக்குகளை, எவருக்கும் விளங்கும்படி வர்ணமிட்ட வட்டப் படங்களாக வரைந்து அரசுக்கும் அரசிக்கும் எட்டச் செய்தார். கிறிமியாவில் பீடித்த காய்ச்சல் அவருடைய உடலை நிரந்தரமாகப் பலவீனப்படுத்தியிருந்தது. பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்து கொண்டு, இராணுவ வைத்தியசாலைகளின் சீர்திருத்தத்துக்கு வழி வகுத்தார். 1858இல் இலண்டன் புள்ளிவிபரச் சங்கம் அவரைத் தன் முதற் பெண் உறுப்பினராக ஏற்றுக் கொண்டது. இந்தியாவுக்கு ஒருபோதும் வராமலே, அந்நாட்டின் சுகாதாரத்துக்காகவும் பல ஆண்டுகள் உழைத்தார்.

பயிற்சி இல்லாத இரக்கம் போதாது என்பதே ஸ்கூற்றாரி அவருக்குக் கற்பித்த பாடம். தாதித் தொழிலைக் கல்வியாக்கும் எண்ணம் அவரிடம் முன்னரே இருந்தது. இப்போது அது மறுக்க முடியாத கடமையாயிற்று.

ஒரு பாடசாலை பிறக்கின்றது

போர்க்காலத்தில் நன்றியுள்ள மக்கள் சேர்த்த நிதி ஏறக்குறைய 45,000 பவுண் இருந்தது. அதைக் கொண்டு 1860ஆம் ஆண்டில் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பாடசாலை ஆரம்பிக்கப்பட்டது. அந்த வைத்தியசாலையின் வரலாறும் நமக்குச் சுவையானது. அது முதலில் அகுஸ்தீன் சபைத் துறவியரின் இல்லமாக, மறைசாட்சியான கன்ரபரிப் பேராயர் புனித தோமஸ் பெக்கற் பெயரில் விளங்கியது. மடங்கள் மூடப்பட்டபோது அதுவும் மூடப்பட்டு, பின்னர் அப்போஸ்தலரான புனித தோமையார் பெயரில் மீண்டும் திறக்கப்பட்டது. அறுந்த நூல் அதே இடத்தில் முடிச்சுப் போடப்பட்டது எனலாம்.

முதலில் பதினைந்து மாணவியர் சேர்ந்தனர். பயிற்சி ஓராண்டு. உணவும் தங்குமிடமும் உடையும் சிறு கொடுப்பனவும் வழங்கப்பட்டன. மேற்றன் வார்ட்றோப்பர் அம்மையார் மேற்பார்வை செய்தார். காயம் கட்டுதல், படுக்கை மாற்றுதல், நோயாளரை எழுப்பி அமர்த்துதல், அறையின் காற்றையும் வெப்பத்தையும் கவனித்தல், நோயாளரின் மூச்சையும் தோலையும் உணவையும் நித்திரையையும் கூர்ந்து நோக்கி வைத்தியருக்குச் சரியாக எடுத்துரைத்தல் என்பன வாட்டிலேயே கற்பிக்கப்பட்டன. வைத்தியர்கள் விரிவுரை நிகழ்த்தினர். ஒவ்வொரு மாணவியின் திறமையும் நடத்தையும் மாதந்தோறும் பதிவு செய்யப்பட்டன.

இந்தத் திட்டத்தில் இரண்டு ஒழுங்குகள் புதியவை. முதலாவது, பாடசாலைக்கென்று தனி நிதி இருந்தது. ஆகவே வைத்தியசாலை தன் செலவைக் குறைப்பதற்காக மாணவியரை வெறும் வேலைக்காரராக்குவதை எதிர்த்து நிற்க ஒரு பலம் இருந்தது. இரண்டாவது, தாதியரின் ஒழுக்கமும் பயிற்சியும் பயிற்சி பெற்ற பெண் தலைவி ஒருவரின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது. நல்ல குடும்பத்துத் தந்தை ஒருவர் தம் மகளை அச்சமின்றி அனுப்பக்கூடிய விடுதியும் ஒழுங்கும் அங்கே இருந்தன. தம் தாய் தமக்கு மறுத்த அனுமதியை, பிறர் வீட்டுத் தாய்மார் தம் பிள்ளைகளுக்கு மறுக்கக் காரணம் இல்லாதபடி செய்துவிட்டார்.

திட்டம் தானாக ஓடவில்லை. பத்தாண்டுகளின் பின்னர் அம்மையார் விசாரித்தபோது, விரிவுரைகள் ஒழுங்காக நடைபெறவில்லை என்பதும், மாணவியர் பயிற்சியை விட வேலையிலேயே கூடுதலாக ஈடுபடுத்தப்பட்டனர் என்பதும் தெரியவந்தன. தம் பெயரைத் தாங்கிய நிறுவனம் என்று அவர் மூடி மறைக்கவில்லை. 1872 முதல் நேரடியாகக் கவனமெடுத்தார். மாணவியரைத் தம் இல்லத்துக்கு ஒவ்வொருவராக அழைத்து உரையாடினார். அவர்களுக்கு ஆண்டு மடல்கள் எழுதினார்.

அங்கே பயின்றவர்கள் நாடெங்கும் சென்றனர். 1865இல் அக்னஸ் ஜோன்ஸ் என்பவர் பன்னிரு தாதியரோடு லிவர்பூல் ஏழைகள் இல்லத்து வைத்தியசாலைக்குச் சென்றார். பிச்சைக்காரரும் பயிற்சி பெற்ற கையால் பராமரிக்கப்பட வேண்டும் என்பதை அங்கே நிலைநாட்டினார். மூன்றாண்டுகளில், 1868இல், நச்சுக் காய்ச்சலால் அவர் இறந்தார். அதே ஆண்டில் லூசி ஒஸ்பேர்ன் ஐந்து தாதியரோடு அவுஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குச் சென்று அங்கே பயிற்சியை ஆரம்பித்தார். அமெரிக்காவின் முதற் பயிற்சி பெற்ற தாதியாகிய லிண்டா றிச்சர்ட்ஸ் 1877இல் இலண்டன் வந்து அம்மையாரைச் சந்தித்துச் சென்றார். பின்னர் அவர் யப்பானிலும் தாதியர் பாடசாலை அமைத்தார்.

ஒரு விடயத்தில் காலம் அம்மையாரின் கருத்தை ஏற்கவில்லை. தாதியரைப் பரீட்சை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்ற இயக்கம் 1887இல் எழுந்தபோது அவர் அதை எதிர்த்தார். பரீட்சை அறிவை அளக்கும், பொறுமையை அளக்காது என்பது அவருடைய அச்சம். 1919இல் பிரித்தானியாவில் பதிவுச் சட்டம் வந்தது. பயிற்சி பெறாதவரிடமிருந்து நோயாளரைக் காக்க அது தேவையாகவே இருந்தது. ஆனாலும் அவருடைய அச்சம் முற்றிலும் வீண் என்று எந்த நோயாளியும் சொல்லமாட்டார்.

நமக்கு ஒரு வார்த்தை

1907இல் பிரித்தானிய அரசின் உயர் விருதாகிய தகைமை விருதைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. அப்போது கண்பார்வை மறைந்திருந்தது. 1910ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் திகதி, தொண்ணூறாம் வயதில், நித்திரையில் உயிர் பிரிந்தது. வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தில் மன்னரோடு அடக்கம் செய்யலாம் என்றபோது, அவருடைய விருப்பத்தை அறிந்த உறவினர் மறுத்துவிட்டனர். ஊர்க் கோவில் வளவில் குடும்பக் கல்லறையில், பெயரின் முதல் எழுத்துக்களும் பிறந்த, இறந்த திகதிகளும் மட்டுமே அவருக்காகப் பொறிக்கப்பட்டுள்ளன.

அவர் பிறந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்ற 2020ஆம் ஆண்டை உலக சுகாதார நிறுவனம் தாதியருக்கும் மருத்துவமாதருக்கும் உரிய ஆண்டாக அறிவித்திருந்தது. அந்த ஆண்டிலேதான் கொரோனாப் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்தது. உறவினரும் நெருங்க முடியாத படுக்கைகளின் அருகே தாதியர் நின்றனர். கை கழுவுதல், காற்றோட்டம், சுத்தம் என்று அவர்கள் செய்தவை பலவும் அம்மையார் வற்புறுத்தியவையே.

நற்செய்தியின் நல்ல சமாரியனை நாம் இரக்கத்தின் உருவமாகவே எண்ணிப் பழகியிருக்கின்றோம். சற்று உற்று நோக்கினால், அவன் காயத்தைக் கண்டு மனமிரங்கியதோடு நிற்கவில்லை. எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டத் தெரிந்திருந்தான். காயப்பட்டவனைத் தன் மிருகத்தின் மேல் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்தான். பராமரிப்புத் தொடரப் பணமும் கொடுத்தான். இரக்கம், அறிவு, ஒழுங்கு ஆகிய மூன்றும் அந்த உவமையில் இருக்கின்றன. அம்மையாரின் வாழ்க்கை அந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டிய வாழ்க்கை.

பெற்றோரே, உங்கள் மகளோ மகனோ தாதியர் பயிற்சிக்குப் போக விரும்பினால், இரவு வேலையையும் பிறருடைய அழுக்கையும் எண்ணி முகம் சுழிக்க வேண்டாம். அந்த விருப்பத்துக்குள் ஓர் அழைத்தல் இருக்கக்கூடும். அதைச் சோதித்தறிய அவர்களுக்கு உதவுங்கள். நோயாளரைப் பார்க்க வைத்தியசாலைக்குச் செல்லும்போது, கால் கடுக்க நிற்கும் தாதியரிடம் அதட்டிப் பேசாமல் ஒரு நன்றி சொல்லுங்கள். தாதியராக இருக்கும் எம் சகோதர சகோதரிகளே, படித்து முடித்தோம் என்று இருந்துவிடாதீர்கள். நீங்கள் கற்பதும் நோயாளருக்குச் செய்யும் பணியே. இந்த வாரக் குடும்பச் செபத்தில் நோயாளரை நினைக்கும்போது, அவர்களுடைய படுக்கை அருகே விழித்திருப்பவர்களையும் சேர்த்து நினைப்போமாக.